ஆச்சி சொல்லாத வரி

ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை முடிந்துவிட்டது. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சேலையுமாக மக்கள் வீடு திரும்புகிறார்கள். ஏழெட்டுப் பேர் மட்டும் போகவில்லை. கோயிலுக்குத் தெற்கே ஒரு வேப்பமரம். அதன் நிழலில், மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோரும் எழுபது வயதைத் தாண்டியவர்கள். ஒருவருக்குக் கைத்தடி, ஒருவருக்குக் காது மந்தம். ஆனால் பேச்சும் சிரிப்பும் மட்டும் குறையவில்லை!

தூத்துக்குடி மாவட்டத்தில், மெஞ்ஞானபுரத்துக்கும் உடன்குடிக்கும் நடுவே உள்ள ஒரு சிற்றூர் இது. செம்மணல் பூமி. எங்கே திரும்பினாலும் பனைமரம். மெஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடிக் கோபுரம் பனைகளுக்கு மேலே தலை நீட்டி நிற்கிறது.

நான் கிறிஸ்தவன் அல்லன். ஆனாலும் நெடுநாளாக ஓர் ஆசை. கிறிஸ்தவ விசுவாசம் என்பது என்ன என்று, அதிலேயே பிறந்து வளர்ந்து மூப்படைந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இதை அந்த ஊர்க் குருவானவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

“புத்தகம் கேட்டால் என்னிடம் அலமாரி நிறைய இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்கிறது அதில் இல்லை. வேப்பமரத்தடிக்குப் போங்கள். நானும் அங்கேதான் படித்தேன்” என்றார்.

போனேன். அன்று கேட்டவற்றில் ஒன்று இன்னும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எழுத்தறியாத ஆசிரியை

அந்தக் கூட்டத்தில் மூத்தவர் ஓர் ஆச்சி. வயது 87. பல் இல்லை, ஆனால் சொல் தெளிவாக இருக்கிறது. ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் முதல் ஜெபம் சொல்லிக் கொடுத்தது இந்த ஆச்சிதான். இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டவர்கள்கூட, “எனக்கு ஆச்சிதான் சொல்லிக் கொடுத்தாங்க” என்கிறார்கள்.

“ஆச்சி, நீங்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள்?” என்று கேட்டேன்.

“பள்ளிக்கூடமா? நல்லாக் கேட்டியே தம்பி! நாப்பது வயசு வரைக்கும் எனக்கு ‘அ’னாவும் தெரியாது, ‘ஆ’வன்னாவும் தெரியாது.”

எழுத்துத் தெரியாது. ஆனால் இருபதுக்கு மேற்பட்ட சங்கீதங்கள் மனப்பாடம்! எப்படி? ஆச்சியின் பாட்டிக்கு உபதேசியார் சொல்லிக் கொடுத்தார். பாட்டி இவருக்குச் சொல்லிக் கொடுத்தார். தினமும் விளக்கு வைத்ததும் பாயை விரிப்பார்கள். பாட்டி ஒரு வரி சொல்வார். பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். நாளைக்கு அதே வரியோடு இன்னொரு வரி. அவ்வளவுதான் பாடம். சிலேட்டும் இல்லை, பிரம்பும் இல்லை.

அப்படியானால் ஆச்சி படிக்கக் கற்றது எப்போது? அது ஒரு வேடிக்கையான கதை. கடைசி மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அவளிடம் எழுத்துக்களைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார் ஆச்சி. பிறகு வேதாகமத்தில் 23-ஆம் சங்கீதத்தை எடுத்துவைக்கச் சொன்னார். மேய்ப்பனைப் பற்றிய சங்கீதம் அது. ஆச்சிக்கு மனப்பாடம்.

“மொதல் வார்த்தை ‘கர்த்தர்’னு எனக்குத் தெரியும். அப்போ இது ‘க’. பக்கத்திலே இருக்கிறது ‘ர்’. அதே ‘ர்’ கடைசியிலும் இருக்கு! சரிதான்னு விரலை வச்சு வச்சு நகத்தினேன். வாயிலே இருந்ததைத் தாள்லே தேடிக் கண்டுபிடிச்சேன். ஒரு மழைக்காலம் முடியறதுக்குள்ளே முழுச் சங்கீதமும் வாசிச்சுப்புட்டேன்.”

எழுத்தைப் படித்து வேதத்தை அறிந்தவர்கள் பலர் உண்டு. வேதத்தை வைத்து எழுத்தைப் படித்தவர் இந்த ஆச்சி!

வாய்மொழியாய் வந்த வழி

இது ஆச்சியின் வீட்டுப் பழக்கம் மட்டும் அல்ல. இந்தக் கடற்கரைப் பக்கத்தில் கிறிஸ்தவம் பரவிய வரலாறே இப்படித்தான்.

உடன்குடிக்குத் தென்கிழக்கே, கடலோரத்தில் இருக்கிறது மணப்பாடு. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கடற்கரைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களின் உதவியோடு சில ஜெபங்களைத் தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்தார். கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தார். மணிச் சத்தம் கேட்டுப் பிள்ளைகள் கூடுவார்கள். அவர்களுக்கு ஜெபங்களைச் சொல்லிக் கொடுத்து, “வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் சொல்லிக் கொடுங்கள்” என்று அனுப்புவார். அங்கே பிள்ளைகளே ஆசிரியர்கள், பெரியவர்கள் மாணவர்கள்! காலம் ஓடிற்று. அந்தப் பிள்ளைகள் பெரியவர்கள் ஆனார்கள். தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இதே கடற்கரையில் உழைத்த அன்ரீக்கே அடிகளார் 1578-ல் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறு நூலைக் கொல்லத்தில் அச்சிட்டார். தமிழ் எழுத்தில் இந்தியாவில் முதலில் அச்சேறிய நூல் அதுதான். அது பதினாறே பக்கம் கொண்ட ஜெப நூல். கற்றவர் ஒருவர் வாசிப்பார். மற்றவர் கேட்டு மனத்தில் பதித்துக்கொள்வார்கள்.

அவர்கள் கத்தோலிக்கர்கள். நமது ஆச்சியின் சபை வேறு பிரிவைச் சேர்ந்தது. அதன் கதை பாளையங்கோட்டையில் ஆரம்பிக்கிறது. தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு பிராமண விதவை, 1778-ல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். கிளாரிந்தா என்பது அவர் பெற்ற பெயர். 1780-ல் அங்கே சபைப் பதிவேடு எழுதியபோது அதில் இருந்தவை 40 பெயர்கள்தான். கிளாரிந்தா அம்மையார் முன்னின்று கட்டிய கோயில் 1785-ல் பிரதிஷ்டையாயிற்று. ‘பாப்பாத்தி அம்மாள் கோயில்’ என்று ஊரார் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

பிறகு தெற்கே பனங்காட்டு ஊர்களில் பலர் சேர்ந்தார்கள். அவர்களுக்குத் துன்பமும் வந்தது. சொந்த ஊரில் இருக்க முடியாதவர்களுக்காகச் சுந்தரானந்தம் தாவீது என்பவர் 1799-ல் நிலம் வாங்கி ஓர் ஊரை உண்டாக்கினார். அதுதான் முதலூர். இன்று மஸ்கோத் அல்வாவுக்குப் பேர்போன ஊர் அது. அதை வாங்கிச் சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்? வேப்பமரத்தடியில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எந்தப் பாடநூலிலும் படித்தது அல்ல. பாட்டன் சொல்லக் கேட்டது.

பாட்டே பாடம்

கூட்டத்தில் ஒரு தாத்தா இருந்தார். பனையேறியாக இருந்தவர். நெஞ்சிலும் உள்ளங்கையிலும் காய்ப்புக் காய்த்திருக்கிறது. அரிவாள் பெட்டியை இடுப்பில் கட்டி, முருக்குத்தடியைத் தோளில் வைத்து, காலையிலும் மாலையிலும் மரமேறிய உடம்பு.

“எனக்கு வேதம் தெரிஞ்சதெல்லாம் பாட்டாலேதான்” என்றார் அவர். “மரத்து உச்சியிலே உக்காந்து பாளை சீவும்போது கீர்த்தனை பாடுவேன். அடுத்த மரத்திலே இருக்கிறவன் அடுத்த அடியை எடுப்பான். கீழே கலயம் சுமக்கிற பொம்பளைப் பிள்ளைகள் சேந்து பாடும். பதநீரும் இறங்கும், பாட்டும் இறங்கும்.”

பாடிய பாடல்கள் யாருடையவை? பெரும்பாலும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாருடையவை. அவர் பாளையங்கோட்டையில் 1774-ல் பிறந்தவர். சிறு வயதில் சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சைக்கு அழைத்துப்போய்ப் படிக்க வைத்தார். 1864-ல் மறைந்தார். ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர் அவரே. கும்மியும் குறவஞ்சியும் கீர்த்தனையுமாக, தமிழர் காதுக்குப் பழகிய மெட்டில் வேதக் கதைகளைப் பாடி வைத்தார். எழுத்தறியாதவர்களுக்கு அந்தப் பாடல்களே வேதாகமம் ஆயின. கல்யாண வீட்டிலும் கிறிஸ்துமஸ் காலைப் பஜனையிலும் அவை இன்றும் ஒலிக்கின்றன.

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையும் இந்தச் சீமைக்காரரே. 1894-ல் வெளிவந்த அவருடைய ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காவியத்தைப் புலவர்கள் புகழ்கிறார்கள். தாத்தாவுக்குக் காவியம் தெரியாது. ஆனால் அவருடைய பாட்டுகளைத் தெரியும்!

“உங்களுக்குத் துன்பம் வந்ததில்லையா தாத்தா?” என்று கேட்டேன்.

தாத்தா சற்று நேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். மூத்த மகன் பனையிலிருந்து விழுந்து இறந்தானாம். அப்போது அவனுக்கு வயது இருபத்திரண்டு.

“கடவுள்மேல் கோபம் வரவில்லையா?”

“வந்தது தம்பி. ஏன் பொய் சொல்லணும்? மூணு மாசம் கோயில் வாசலை மிதிக்கலை. பாட்டு நின்னுபோச்சு. அப்போ இருந்த உபதேசியார் தெனமும் சாயங்காலம் வருவார். திண்ணையிலே பக்கத்திலே உக்காருவார். ஒரு வார்த்தை புத்தி சொன்னது கிடையாது. பொழுது இருட்டினதும் எந்திரிச்சுப் போவார். மூணு மாசமும் இப்படித்தான். ஒரு நாள் அவர் எந்திரிச்சார். நானும் எந்திரிச்சு அவர் பின்னாலேயே கோயிலுக்குப் போயிட்டேன்.”

“மகன் ஏன் போனான் என்பதற்கு விடை கிடைத்ததா?”

“இல்லை. இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஆனா என்னைத் தனியா விடலைன்னு மட்டும் தெரியும்.”

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு துணிவு வேண்டும். அந்தத் துணிவை நான் அங்கே கண்டேன்.

ஒரு பிடி அரிசி

ஆச்சியின் அடுக்களையில் ஒரு சின்ன மண்கலயம் இருக்கிறது. உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அதில் போடுவார். கலயம் நிறைந்ததும் அது கோயிலுக்குப் போகும். ஏலத்தில் விற்று வருகிற பணம் திருப்பணிக்கு. ஏழை வீட்டிலும் இந்தக் கலயம் உண்டு.

“பணக்காரன் ரூபாய் போடுவான். எங்ககிட்டே ரூபாய் ஏது? பிள்ளைகள் சாப்பாட்டிலே ஒரு பிடி குறையும். அது தெரியணும். தெரிஞ்சு கொடுக்கிறதுதான் காணிக்கை” என்றார் ஆச்சி.

இப்படிப் பிடி அரிசியும் சில்லறைக் காசும் கொடுத்த எளிய ஜனங்களை நம்பித்தான் 1903-ல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் உண்டாயிற்று. வெளிநாட்டுப் பணம் வேண்டாம். நம் பணத்தில், நம் ஆட்களே ஊழியம் செய்யட்டும் என்பது அதன் கொள்கை. அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் வே.ச. அசரியா. பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர். கிராமத்துக் குருவானவரின் மகன். 1912-ல் தோர்ணக்கல் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவரே. ஆச்சிக்கு அந்தப் பெருமை உண்டு. “எங்க பக்கத்து ஊர்க்காரர்!” என்று இரண்டு தடவை சொன்னார்.

பிடி அரிசிக்குப் பதிலாக ஊருக்கே ஒரு நாள் விருந்து உண்டு. அதன் பெயர் அசனம். கோயில் பண்டிகையின்போது பெரிய பெரிய அண்டாக்களில் சோறு பொங்கி, பணக்காரன், ஏழை என்று பாராமல் வரிசையாக உட்கார்த்திப் பரிமாறுவார்கள். “சமமாக உட்காரணும்னு பிரசங்கத்திலே கேட்டா மறந்துபோகும். பந்தியிலே உக்காந்து பார்த்தா மறக்குமா?” என்று கேட்டார் தாத்தா.

தொண்டையில் நின்ற வரி

வெயில் ஏறிவிட்டது. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஆச்சி மட்டும் இருந்தார். நான் கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன்.

“இத்தனை பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள் ஆச்சி. அதில் கஷ்டமான பாடம் எது?”

ஆச்சி உடனே பதில் சொல்லவில்லை. பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

இயேசுநாதர் சீடர்களுக்குக் கற்றுக் கொடுத்த ஜெபம் ஒன்று உண்டு. உலகத்தில் எல்லாக் கிறிஸ்தவர்களும் சொல்லுகிற ஜெபம். அதில் ஒரு வரி வரும். பிறர் நமக்குச் செய்த குற்றத்தை நாம் மன்னிப்பதுபோல, நம் குற்றங்களையும் மன்னிக்க வேண்டும் என்று கடவுளிடம் கேட்கிற வரி.

அந்த வரியை ஆச்சி ஒன்பது வருஷம் சொல்லவில்லை!

ஆச்சியின் கணவருக்கும் அவர் தம்பிக்கும் ஒரு விளைக்காக வழக்கு. நாற்பது பனை நிற்கிற விளை. கோர்ட்டுக்கு நடந்து நடந்து வீட்டில் இருந்த நகையெல்லாம் போயிற்று. வழக்கு முடிவதற்கு முன்பே கணவர் காய்ச்சலில் இறந்துபோனார். செய்தி கேட்டுத் தம்பி ஓடி வந்தார். ஆச்சி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். “உன்னாலேதான் போனார். உள்ளே வராதே!” என்று கத்தினார். கொழுந்தனார் தெருவிலேயே நின்றார். அண்ணனின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்காமலே திரும்பிப் போனார்.

பின்பு தீர்ப்பு வந்தது. விளை கொழுந்தனாருக்கே என்று ஆயிற்று.

“தெனமும் ராத்திரி பிள்ளைகளை உக்கார வச்சு ஜெபம் சொல்லுவேன். அந்த வரி வந்ததும் என் வாய் மூடிக்கிடும். பிள்ளைகள் சொல்லிட்டுப் போகும். அது முடிஞ்சதும் நான் மறுபடி சேந்துக்கிடுவேன். யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்.”

ஆனால் ஒருவருக்குத் தெரிந்துவிட்டது. அவள்தான் கடைசி மகள். அம்மாவுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த அதே மகள். ஒரு நாள் ஜெபம் முடிந்ததும், “அம்மா, நீ ஏன் அந்த வரியை மட்டும் சொல்ல மாட்டேங்க?” என்று கேட்டாள்.

ஆச்சி அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டார்.

“பிள்ளை அழலை தம்பி. என்னைப் பாத்துக்கிட்டே இருந்தது. அன்னைக்கு ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் இல்லை.”

மறுநாள் சனிக்கிழமை. ஞாயிறு திருவிருந்துக்கு முன்னால் நடக்கிற ஆயத்த ஆராதனைக்கு மணி அடித்தது. ஆச்சி கோயிலுக்குப் போகவில்லை. ஓர் ஓலைக் கொட்டானில் கருப்பட்டி எடுத்துக்கொண்டார். அரிக்கேன் விளக்கை ஏற்றிக்கொண்டு ஊரின் மறுகோடிக்கு நடந்தார். கொழுந்தனார் வீட்டுக் கதவைத் தட்டினார்.

கதவு திறந்தது. இரண்டு பேரும் பேசவில்லை. கொழுந்தனார் மனைவி பாயை விரித்தார். வெகுநேரம் கழித்துக் கொழுந்தனார் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

“அண்ணன் முகத்தைப் பாக்க விடலையே மதினி.”

ஆச்சி என்னைப் பார்த்தார். கண்களில் நீர் நிறைந்திருந்தது.

“அவரை மன்னிக்கப் போறேன்னு நெனச்சுத்தான் தம்பி நான் போனேன். அங்கே போன பிறகுதான் தெரிஞ்சது, நான் மன்னிப்புக் கேக்கத்தான் போயிருக்கேன்னு.”

“பிறகு விளை என்ன ஆயிற்று ஆச்சி?”

“விளை அவங்களுக்குத்தான். இன்னைக்கும் அவங்க பேரன்தான் அனுபவிக்கான். அதுக்கு என்ன? மறுநாள் திருவிருந்திலே நான் அந்த வரியைச் சொன்னேன். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் சொன்னேன். குரல் நடுங்கிச்சு.”

அன்றிலிருந்து ஆச்சி பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுக்கும்போது அந்த வரியில் நிறுத்திவிடுவார். “இதைச் சும்மா சொல்லக் கூடாது மக்கா. சொல்ல முடியலைன்னா ஏன் முடியலைன்னு யோசிச்சுப் பாரு” என்பார். பிறகு இந்தக் கதையைச் சொல்வார். தன் குற்றத்தை மறைக்காமல் சொல்வார். அறைந்ததையும் சொல்வார்.

கேட்டால்தானே கிடைக்கும்!

இந்த ஊர்களில் இப்போது இளைஞர்கள் குறைவு. பனையேறுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். பிள்ளைகள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டார்கள். வேதாகமம் இப்போது கைபேசியிலேயே இருக்கிறது. விரலால் தொட்டால் எந்த அதிகாரமும் வருகிறது. நல்ல காரியம்தான். ஆனால் எந்த வரி தொண்டையில் நின்றது, எந்த வரி கண்ணீரைத் துடைத்தது என்று கைபேசி சொல்லுமா? அதைச் சொல்ல வேப்பமரத்தடி வேண்டும்.

போன வருஷம் அந்த மரத்தடியில் பத்துப் பேர் இருந்தார்களாம். இப்போது எட்டுப் பேர். போனவர்கள் சொல்லாமல் கொண்டுபோனவை எத்தனையோ!

நான் விடைபெறும் நேரத்தில் ஆச்சியின் மடியிலிருந்த கைபேசி ஒலித்தது. எடுத்துக் காதில் வைத்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“என் கடைசி மக. நர்சா இருக்கா. ஞாயித்துக்கிழமை மத்தியானமும் தெனமும் ராத்திரியும் பேசுவா. நாங்க ரெண்டு பேரும் சேந்து ஜெபம் சொல்லுவோம்.”

“அந்த வரியையுமா ஆச்சி?” என்று கேட்டேன்.

ஆச்சி பொக்கை வாயால் சிரித்தார். “அதை அவ சத்தமாச் சொல்லச் சொல்லுவா. எனக்குக் கேக்கணும்பா!”

வாசகர்களே, நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறவராக இருந்தாலும் சரி, உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ இருப்பார். அவருக்கும் ஒரு வரி தொண்டையில் நின்றிருக்கும். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். கேளுங்கள். கேட்டால் சொல்லாத பெரியவர் உண்டா?